ஐந்தாவது மைக்

சிராவயல் மஞ்சுவிரட்டில்
மாட்டின் பெயரும் மாட்டுக்காரர் ஊரும் சொல்லக் கட்டிய
அதே இரண்டு பாக்ஸைத்தான்
கோட்டையூர் சாலை ஓவியக்கூடத்துக்கும் கொண்டுபோனேன்.
முன்பு நெல் அரைத்த இடம்.
எதிரொலி இன்னும் தவிட்டு நிறத்தில்தான் திரும்பி வருகிறது.

புதிதாகப் பதித்த ஆத்தங்குடிக் கல்லில்
டேப் ஒட்டாது.
வயரைச் சுவரோரமாய் நடத்திப்போய்
நாற்காலிக் கால்களில் கட்டினேன்.
ஐந்து நாற்காலி, ஐந்து தண்ணீர் பாட்டில், ஐந்து மைக்.
‘மூடாத வட்டம்: ஓர் உரையாடல்’ என்று பேனர்.

படம் மட்டும் எதிர்ச்சுவரில்,
என் மேசைக்கு நேர் மேலே.
வந்தவர்கள் எல்லாம் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள்.
பார்க்க முடிந்தது மேடையில் இருந்தவர்களுக்குத்தான்.
அவர்கள் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஆட்களை முகத்தால் தெரியாது,
குமிழால் தெரியும்.
சென்னை விமர்சகர் ரகோத்தமனுக்கு மூன்று போதும்,
மைக்கைத் தின்கிற ரகம்.
பேராசிரியர் சாத்தப்பன் ஊஞ்சல் போல வந்து வந்து போவார்,
பின்னாலேயே ஏற்றி இறக்க வேண்டும்.
என்ஜினீயர் நூருல் அமீன் ‘ப’ சொன்னால் பாக்ஸ் உதறும்,
அவரோ பரப்பு, பரிமாணம், படிமம் என்றே பேசினார்.
நடத்திவைத்த திலகவதி டீச்சருக்கு மைக்கே வேண்டாம்.

ஐந்தாவது உமையாள்.
வரைந்தவர்.
சோதனைக்கு ஒரு ஹலோ சொல்லச் சொன்னேன்,
தலையை ஆட்டினார்.
தலையாட்டலுக்கு எந்த எண்ணில் வைப்பது?

ஒரு மணி நேரம் வட்டத்தைச் சுற்றினார்கள்.
ஊருணி என்றார் ஒருவர், கரை உடைந்த ஊருணி.
இல்லை, பூஜ்யம்.
இல்லவே இல்லை, ரங்கூன் போய்த் திரும்பாதவருக்காக
மூடாமல் விட்ட வாசல்.
இதற்குக் கைதட்டல் விழுந்தது.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்றார் டீச்சர்.
நான் ஐந்தாவதை ஆறுக்கு ஏற்றினேன்.
ஏழு. ஒன்பது.
முதலில் வளையல் உரசியது.
அப்புறம் தண்ணீர் தொண்டையில் இறங்கியது,
கடைசி வரிசை வரை கேட்டது.
அப்புறம் வெளியே
திருச்சி பஸ் கியர் மாற்றியது.

“கறுப்பு தீர்ந்துபோச்சு.”

ஒன்பதில் இருந்ததை மறந்துவிட்டேன்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
கந்தரப்பத் தட்டோடு வந்த பையன் நின்றுவிட்டான்.

“அன்னைக்குக் கடை லீவு.
மறுநாள் வாங்கியாந்தேன்.
அதுக்குள்ள
இப்படியே பாத்துப் பழகிருச்சு.”

சிரித்தார்கள். சிலர் சிரிப்பதா என்று பக்கத்தில் பார்த்தார்கள்.
சாத்தப்பன் முன்னால் சாய்ந்தார்:
“தீர்ந்துபோதல் என்பதை
நாம் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்?”
இருபத்திரண்டு நிமிடம்.

பிறகு கேள்வி நேரம்.
“கேள்வி இல்ல, சின்னதா ஒரு கருத்து” என்று எழுந்தார்
ரிட்டயரான வங்கிக்காரர்.
இதற்கு ஒரு வழி உண்டு.
திரி இறக்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கினால்
தானே களைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.
உட்கார்ந்தார்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண்,
மடியில் ஹெல்மெட்,
மைக் வருமுன்பே கேட்டுவிட்டாள்:
“மறுநாள் வாங்குனீங்களே, அந்தக் கறுப்பு?”

“இருக்கு” என்றார் உமையாள்.
அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஐந்தாவதை நான் இறக்கவும் இல்லை.

எல்லோரும் போனபின் வயர் சுற்றினேன்,
முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு, மறுபடி முழங்கைக்கு.
அடுத்த மாதமும் வரணும் என்றார் டீச்சர்,
தலைப்பு மௌனம்.
“எத்தனை மைக் மேடம்?”
“அதே அஞ்சு.”
வாடகை திங்கள்கிழமை தருவார்களாம்.

விளக்கை அணைக்கப் போனவரை ஒரு நிமிஷம் நிறுத்தி
அண்ணாந்து பார்த்தேன்.
மாலை முழுக்கத் தலைக்கு மேல் இருந்திருக்கிறது.
அவர்கள் பேசியதை வைத்து
வண்டி நுழையும் இடைவெளி என்று நினைத்திருந்தேன்.
அவ்வளவெல்லாம் இல்லை.
ஒரு ஜாக் பின் போகும்.