ஐம்பத்து மூன்றாம் சுற்று

சோமனூரில் ராத்திரிக்கென்று தனிச் சத்தம் கிடையாது,
பகலில் அடித்த தறியே அடிக்கும்.
சொசைட்டியில் வட்டிக்கணக்கு எழுதிவிட்டு வந்து
சமையல் மேடையைத் துடைத்து
சால்டரிங் அயனைச் சூடேற்றுவேன்.

நூல் தீர்ந்த கோனின் அட்டைமேல்
எனாமல் கம்பி சுற்றினேன்.
ஐம்பத்து மூன்றில் குக்கர் கூவியது.
மூன்று விசிலையும் சேர்த்து எண்ணிவிட்டேனோ என்று
இன்றுவரை சந்தேகம்.

பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு: பத்தாயிரம் ஓம்.
இது தூக்கத்திலும் வரும்.
ஆனால் டிரான்சிஸ்டரின் தட்டை முகத்தைச்
சுவர்ப் பக்கம் திருப்பிப் பற்றவைத்து
இரண்டு வாரம் ஓர் ஊமையை வளர்த்தேன்.
"கடையில நானூறு ரூவாய்க்குக் கெடைக்குதில்ல?"
வீட்டுக்காரர் கேட்டார்.
கெடைக்குதுதான்.
ஒறம்பரை வந்தால் எல்லாவற்றையும் வாரி
அட்டாலியில் போடுவேன்.

நேராக மாற்றிவைத்த அன்று பேசியது.
பேச்சா அது!
நாலு தெருத் தறியும்
என் ஒன்பது வோல்ட்டுக்குள் ஏறி உட்கார்ந்து
பொரி வறுத்தன.

மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
தலைவலி என்று லீவு சொல்லியிருந்தேன்.
தறி நின்ற ஊரில் என் காது
இல்லாத படியில் கால் வைத்ததுபோல் தடுமாறியது.
குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருக,
கம்பியும் கண்டன்சரும் ஒத்துக்கொண்ட ஓரிடத்தில்
யாரோ ஓர் ஆள்
மஞ்சள் விலை படித்தார்.
விரலி இவ்வளவு, கிழங்கு இவ்வளவு.
எனக்கு ஒரு செடி மஞ்சள் கிடையாது.
நின்றபடியே முழுக்கக் கேட்டேன்.
நடுவில் மூக்கை உறிஞ்சினார்,
அதுவும் கேட்டது.

நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும்
தறிகள் அவரை நெய்து மூடின.
அந்த இரைச்சலுக்குள் ஒரு வெடிப்பு மட்டும்
தனியாக,
நாடா ஓடுகிற அதே கதியில்.
பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு
பொடக்காணி வழியே நடந்தேன்.
சென்னியப்பன் தறிக்குடோன் சுவரோரம்
அது உச்சத்தில் கத்தியது.
"ஏனுங்க, உங்க ஸ்டார்ட்டர்ல எங்கியோ வயரு லூசுங்க."
தறியை நிறுத்தி மூடியைக் கழற்றினார்.
கருகிய ஒரு முனை.
"ரேடியோ வெச்சா கண்டுபுடிச்சீங்க?
அப்புடி என்னதான் பாடுச்சு?"

இப்போது வாரத்துக்கு ஒருவராவது
கறகறாப் பெட்டி இருக்குதுங்களா என்று வருகிறார்கள்.
மஞ்சள் என்ன விலை என்று
யாரும் கேட்கவில்லை.

இன்று கம்பியை அவிழ்க்கிறேன்.
மறுபடி ஒன்றிலிருந்து.
சோற்றை வடித்துக்கொள்ளலாம்,
குக்கர் வேண்டாம்.