நட்சத்திரக் குறி இல்லாத எண்

ஆடி மழை. கூடலூர் அரசு மருத்துவமனையில்
இரண்டு முறை கரண்ட் போய் வந்தது.
சுழன்று நின்ற குழாயில், மேலே தெளிந்த சீரம்
பழுத்த எலுமிச்சை நிறம்.
பெயர் சின்னக்கறுப்பன், ஐம்பத்தாறு,
நான்காம் டிவிஷன், பாய்லர் வேலை.
ஈரல் சுருங்கி இரண்டு வருஷம்.
காய்ச்சல் இல்லை.
இன்று என்ன கிழமை என்றால்
சம்பள நாள் என்கிறாராம்.

மெஷின் தாளைத் துப்பியது.
வெள்ளையணு நாலாயிரத்து நூறு.
கூடினால் ஒரு நட்சத்திரம் போடும்,
குறைந்தாலும் போடும்;
இதற்கு ஒன்றும் போடவில்லை.
சி.ஆர்.பி. பதினெட்டு, சும்மா லேசாக.
அதைச் செய்து அனுப்ப வேண்டியதே ஈரல்தான்.
எரிந்துபோன வீட்டிலிருந்து
யார் வந்து தீ என்று கத்துவது?

இது எனக்கு அப்போது தோன்றவில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
பிறகுதான், ஏனோ, ஜூன் ரெஜிஸ்டரைப் புரட்டினேன்.
அதே பெயர், என் எழுத்திலேயே:
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
வீங்கிய மண்ணீரல் விழுங்கியது போக
அவருக்கு எப்போதும் மிச்சம் அவ்வளவுதான்.
ஊருக்கெல்லாம் சரியான எண்
இவருக்கு இரண்டு மடங்கு.

"ராத்திரி ஒன்றரைக்கா பழைய ரெஜிஸ்டர் பார்க்கிறாய்?"
என்றார் டாக்டர் ஹேமா போஜன், போனில்.
ஆனால் வந்தார், ரெயின்கோட் சொட்டச் சொட்ட.
ஊசி வழியே இறங்கிய வயிற்று நீர்
அரிசி களைந்த தண்ணீராய்க் கலங்கியிருந்தது.
மைக்ராஸ்கோப்பில் எண்ணினேன்.
இருநூற்றைம்பது தாண்டினால் கிருமி என்று கணக்கு.
நானூற்றுப் பத்தில் மறுபடி கரண்ட் போனது.
"போதும்" என்றார் இருட்டில்,
"மருந்தை ஏற்றச் சொல்."

புரோகால்சிடோனினுக்கு இங்கே கிட் கிடையாது.
ஐஸ் பெட்டியில் அவர் ரத்தம்
ஐந்தேகால் ஊட்டி பஸ்ஸில்
கண்டக்டர் சீட்டுக்கடியில் போயிற்று.
நடுவட்டத்தில் மண்சரிவு.
நாலு புள்ளி ரெண்டு என்று தகவல் வந்தபோது
மதியம் மூன்று;
முந்தின இரவே மருந்து ஏறத் தொடங்கியிருந்தது.

லேப் ஜன்னலில் அங்கம்மா, அவர் மனைவி:
"காய்ச்சலே அடிக்கலியேம்மா,
அப்புறம் எப்படிக் கிருமிங்கிறீங்க?"
பதில் நீளம். வரிசையில் பதினாறு பேர்.
"உடம்புக்குச் சொல்லத் தெம்பில்லம்மா" என்றேன்.
"அவரும் அப்பிடித்தான், வாயத் தெறக்க மாட்டாரு"
என்று சொல்லிவிட்டு
ஃபிளாஸ்க்கோடு நகர்ந்தார்.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில்
கிழமை கேட்டதற்கு வியாழன் என்றாராம்.
புதன் அன்று.
டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்:
பக்கத்தில் வந்துவிட்டார்.