ஆறு எந்தப் பக்கம்

"ஐம்பது பாத்துக்குள் வயிறு நிறையணும்.
படம் போட்ட மெனு இருக்கிற கடை வேண்டாம்"
என்றாள் ரத்திகா.
மாசக் கடைசி. வங்கியில் பிறர் பணம் எண்ணுகிறவள்.
பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தாள்,
ஒரு கை என் ஆரஞ்சுச் சட்டையில்
பதினேழாம் எண்ணைக் கசக்கிப் பிடித்திருந்தது.

சாப்பாட்டுத் தெரு என்று பலகை வைத்த இடத்தைத் தாண்டினோம்.
அங்கே அன்னாசிப் பழத்துக்குள் சோறு,
சோற்றின்மேல் காகிதக் குடை,
விலை நூற்று எண்பது.
குடைக்கு எவ்வளவு, சோற்றுக்கு எவ்வளவு
என்று கேட்டாள் கணக்குக்காரி.
எனக்கென்ன தெரியும்?
குடையை மட்டும் பைக்குள் பத்திரப்படுத்திப் போகிறவர்களை
ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

மி தாலாவின் வண்டி
நேற்று மருத்துவமனைச் சுவரோரம்,
முந்தாநாள் மேம்பாலத்தடியில்.
நகராட்சி விரட்டுகிற திசைதான் அவள் விலாசம்.
உரல் சத்தம் வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்:
டொக், டொக், கரண்டியால் ஒரு புரட்டு, டொக்.
இன்று மூன்று சோய் சுற்றியும் காதில் ஒன்றுமில்லை.
ரத்திகாவின் வயிறுதான் சத்தம் போட்டது,
எஞ்சின் என்று நடித்தாள்.

கடைசியில் மூக்கு காட்டிக்கொடுத்தது.
பிளா ரா. பானைக்குள் மாதக்கணக்காய்ப் புளித்த மீன்.
ஆகாதவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள்.
நான் பிரேக்கைப் பிடித்தேன்.

கால்வாய்ப் படகுத்துறைக்குப் பின்னால்
உரலுக்கடியில் பழைய டயர்,
டயருக்கடியில் மடித்த சாக்கு.
தூங்குகிற குழந்தையைத் தட்டுகிறவள்போல
இடித்துக்கொண்டிருந்தாள்.
பச்சைப் பப்பாளி, காராமணி, நசுங்கிய நண்டு.
"மிளகாய் எத்தனை?"
ரத்திகா நான்கு என்றாள்,
முதல் வாய்க்குப் பிறகு ஏன் சொன்னோம் என்றாள்,
பிறகு பேச்சே இல்லை.
ஒட்டரிசியை உருட்டி உருட்டிச் சாற்றில் தோய்த்தாள்.
நாற்பது பாத். அரிசியோடு ஐம்பது.

அப்போதுதான் சீருடை வந்தது.

"எந்த ஊர்?"
"உபோன்" என்றாள் மி தாலா,
கடைசி அசையை எங்கள் ஊர்க்காரர்கள்போலவே இழுத்து.
எட்டு வருஷம் ஓர் உபோன்காரியின் வண்டியில்
பப்பாளி சீவியவள்.
பிறந்தது எல்லைக்கு அப்பால், மோல்மேன் பக்கம்.
அயல்நாட்டார் வண்டி போடக் கூடாது என்பது சட்டம்;
உரலுக்கு அது தெரியாது.
"உபோனில் எங்கே?"
உலக்கை அரைக் கணம் அந்தரத்தில் நின்றது.

அவன் பார்வை என்மேல் திரும்பியது.
பார்த்தாலே தெரியும் நான் எந்த ஊர் என்று,
பேசினால் இன்னும் தெரியும்.
வாய் நிறையப் பப்பாளி.
மென்று முடிக்கிற வரைக்கும் யோசித்தேன்.
புளிப்பு சரி. உப்பு சரி.
தொண்டையில் ஏறும் உறைப்பு, பின்னால் வரும் மீன்,
எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"வாரின்" என்றேன். "எங்கள் தெரு.
இவள் அண்ணனும் நானும் ஒரே வகுப்பு."

ரத்திகா கேட்காமலே சேர்த்தாள்:
"நான் மாசா மாசம் இங்கேதான் சாப்பிடுகிறேன்."
வந்து பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

சீருடை கொஞ்ச நேரம் கால்வாயைப் பார்த்தது.
ஒரு படகு போய், அலை அடித்து, அடங்கியது.
"ஒரு பொட்டலம். மிளகாய் இரண்டு" என்றது.
காசு கொடுத்தது,
அதுதான் எனக்கு ஆச்சரியம்.
"நாளைக்கு இங்கே நிற்காதே" என்றும் சொன்னது.

ரப்பர் வளையம் சுற்றிய பை
தெருமுனையில் மறையும் வரை
யாரும் வாய் திறக்கவில்லை.
என்னிடமும் நாற்பதை வாங்கிக்கொண்டாள்,
ஒரு பாத் குறைக்கவில்லை.
அடுத்த பப்பாளியை எடுத்துச் சீவத் தொடங்கினாள்,
தலை நிமிராமல் கேட்டாள்:

"வாரினில் ஆறு எந்தப் பக்கம்?"

"வடக்கே."

"வடக்கே" என்றாள்,
டொக்.
"வடக்கே."