ஐம்பத்தொன்று

கரண்ட் போய் வந்தால்
என் கம்ப்யூட்டருக்குப் பெயர் மாறாது, எண் மாறிவிடும்.
திங்கட்கிழமை ஏழு. செவ்வாய் முப்பத்தொன்று.
நேற்று மழையில் மூன்று முறை போனது,
நாற்பத்தெட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.
ஸ்கேனருக்கு இதெல்லாம் தெரியாது.
அது இன்னமும் ஏழாம் எண் கதவைத் தட்டிவிட்டு
ஆளில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டுகிறது.
ஹார்டுவேர் கடை லாலாராமின் பில்கள் நாற்பத்திரண்டு,
முதலாவது கண்ணாடிமேல் குப்புறக் கிடக்கிறது.
இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும்.

ஃபைபர் ஆளுக்குப் போன் செய்தேன்.
"மேடம், அது ரவுட்டர் லீசுக்குக் குடுக்கிற அட்ரஸ்,
ஒரு நாளைக்குத்தான்" என்றான்.
லிங்கராஜபுரத்தில் உட்கார்ந்துகொண்டு
எனக்கா லீசைப் பற்றிச் சொல்கிறாய் தம்பி.
ஒன்பது லட்சம் கொடுத்து இந்த இரண்டு ரூம்.
அதற்கு முன் பதினோரு மாதம், பதினோரு மாதம்,
இன்னொரு பதினோரு மாதம்.
என் ஆதார் இன்னும் கம்மனஹள்ளியில் குடியிருக்கிறது.
காஸ் புத்தகம் ஹெண்ணூர் ரோட்டில்.
தேவசகாயத்தின் லைசென்ஸ்
ஆம்பூரை விட்டுக் கிளம்பவே இல்லை.
அக்ரிமெண்டில் ஏழாவது ஷரத்து:
சுவரில் ஆணி அடிக்கக்கூடாது.

அவன் சொன்னபடி 'தானாக' என்றிருந்ததைக்
'கையால்' என்று மாற்றினேன்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று.
நாலாவது கட்டம் உங்க இஷ்டம் மேடம்.
இஷ்டம் என்றதும் கை நின்றுவிட்டது.
வீடு பார்த்து அலைந்த எந்தத் தெருவிலும்
இப்படி ஒருவரும் கேட்டதில்லை.
சைவமா, எத்தனை பேர், தண்ணீர் நிறைய செலவாகுமா,
அதோடு சரி.
ஐம்பது போட்டேன். அடுத்த மாதம் என் வயது.

சப்நெட் மாஸ்க். அந்த முகமூடி யாருக்கென்று தெரியவில்லை,
சீட்டில் எழுதிக்கொண்டதை அப்படியே அடித்தேன்.
கேட்வேயில் ஒரு புள்ளியைத் தவறவிட்டதில்
பத்து நிமிடம் உலகமே இல்லை,
பக்கத்து ரூம் டிவி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.
திருத்தினேன். சேமி என்றேன்.

இந்த முகவரியில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்
என்றது திரை.

வீட்டில் போன் இரண்டு, டிவி ஒன்று, நான்.
வேறு யார்?
ரவுட்டருக்குள் நுழைந்து பட்டியலைத் திறந்தேன்.
ஐம்பதில்: புட்டராஜு, ரெட்மி.
கீழ்வீட்டு ஓனர்.
போன தீபாவளிக்கு ஒரே ஒரு நாள் என்று
பாஸ்வேர்டு வாங்கிப் போனவர்.
எட்டு மாதமாக என் வீட்டில்
அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை,
ஓனர் குடியிருக்கிறார்.

அவர் பெயருக்குப் பக்கத்தில்
சின்னதாக ஒரு பெருக்கல் குறி.
நோட்டீஸ் வேண்டாம், மூன்று மாத அவகாசம் வேண்டாம்,
பெயின்ட் செலவைக் கழித்துக்கொள்ளக்கூட வேண்டாம்.
ஒரு அழுத்து.

விரலை வைத்திருந்தேன். கீழே
அவர் போனில் யாரோ கன்னடத்தில் செய்தி வாசித்தார்கள்,
என் இணையத்தில்.

நான்தான் நகர்ந்தேன், ஐம்பத்தொன்றுக்கு.
பழக்கம்.

பிறகு சோதித்துப் பார்க்க
மெயின் சுவிட்சை நானே இறக்கினேன்.
கீழே செய்தி நின்றது.
"ஏன்ம்மா, கரண்டா?" என்றார் புட்டராஜு.
ஆமாம் சார், என்றேன். நூறு எண்ணி ஏற்றினேன்.

எல்லாம் விழித்து எழுந்தன.
ஸ்கேனர் நேராக வந்து
ஐம்பத்தொன்றைத் தட்டியது.
திறந்தேன்.
முதல் பில்:
கான்கிரீட் ஆணி, இரண்டு இன்ச், நாலு கிலோ.