ஏழாம் கேள்வி

களுவாஞ்சிகுடியில் என் அறை:
ஒரு மேசை, இரண்டு கதிரை, சுற்றாத காற்றாடி.
படிவத்தின் ஏழாம் கேள்வி,
‘ஆபத்தெனில் பொலிசுக்கு அறிவித்தீரா?’

பவளராணி சிரித்தாள்.
“அந்த ஸ்டேசனுக்குத்தான் மிஸ்
அண்ணன விசாரிச்சிட்டு விடுறமெண்டு கொண்டு போன.
முப்பது வருசத்துக்கு மேல
இன்னும் விசாரிக்காங்க.”

புருசன் கைநீட்டும் இரவுகளில்
பக்கத்து வளவுகளின் பெண்கள் நாலு பேர்
சட்டியும் அகப்பையுமாய் வந்து
படலையில் நின்று தட்டுவார்களாம்.
ஒரு வார்த்தை பேசுவதில்லை.
அவன் வெளியே வந்து
மணலைப் பார்த்தபடி நின்று
தமக்கை வீட்டுக்கு நடந்துவிடுவான்.
விடிந்ததும் ஒருத்தி தேத்தண்ணியோடு போய்
அவனிடமும் கேட்பாளாம்,
உனக்கு என்னடா நடந்தது?

அந்தக் கேள்வியைக் கேட்க
எனக்கு டிப்ளோமாவில்
இரண்டு வருடம் படிப்பித்தார்கள்.

போதுமா அது, என்றேன்.
“எங்க போதும்?” கட்டுப்போட்ட மணிக்கட்டை
மேசையில் வைத்தாள்.
“இன்னும் ரெண்டு சட்டி வேணும்.”

ஏழாவதை வெறுமையாய் விட்டேன்.
சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது.

நான் இருப்பது ஆரையம்பதியில்.
நாலரை பஸ்ஸுக்குப் பிறகு
இங்கே யார் தட்டினாலும்
எனக்குக் கேட்காது.