எழுத்துக்கு நாற்பது பென்ஸ்

ஷெஃபீல்டில்
கத்தி தீட்டுபவனுக்கும் மீன் பொரிக்கும் கடைக்கும் நடுவே
ஹெஸ்டர் கிளேட்டனின் கடை.
கோப்பைகள், கேடயங்கள், நாய்க் கழுத்து வில்லைகள்.
பொறிக்கும் கூலி எழுத்துக்கு நாற்பது பென்ஸ்.
இடைவெளி இலவசம்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேலாளர்
காலின் ஸ்டப்ஸ் மழையோடு உள்ளே வந்தார்.
முப்பத்தோரு வருடம் படுக்கை விரிப்புகளுக்கு
இஸ்திரி போட்ட ஒருத்தியை
வெள்ளிக்கிழமை வழியனுப்புகிறார்களாம்.
பித்தளைத் தகடு. சின்னது போதும்.
தாளில் எழுதியிருந்தார்:
கியூடோஸ், வெரா அக்ராய்ட்.
பிறகு விலைப்பலகையைப் பார்த்தார்.
பேனாவைத் திறந்து
எஸ்ஸை அடித்தார்.

"ஒரே ஆள்தானே.
ஒருத்திக்கு ஒரு கியூடோ.
பன்மையில் கொடுத்தால்
மற்றவர்கள் கேட்பார்கள்."

ஹெஸ்டர் சொல்லிப் பார்த்தாள்.
அந்த எஸ் பன்மை இல்லை, பிறவி உறுப்பு;
கிரேக்கத்திலிருந்து வரும்போதே ஒட்டிக்கொண்டு வந்தது.
போரில் பின்வாங்காமல் நின்றவன் மேல்
சாமி இறக்கிய வெளிச்சத்துக்கு
அங்கே அதுதான் பேர்.
வெயிலை இரண்டு வெயில் என்று
யாராவது எண்ணிக் கொடுப்பார்களா?

(இதைத் தமிழில் எழுதுகிற நான்
நடுவில் புகுந்து ஒன்று சொல்லிக்கொள்கிறேன்.
வானத்தில் திங்கள் ஒன்றுதான்.
ஒருமையாக்குகிறேன் என்று
அதிலிருந்து கள் இறக்க
ஏணியோடு எவரும் போனதில்லை.
அதோடு, நம்மிடம்
ஒருவரைப் பலராக்கினால்தான் மரியாதை.
அவள் அவர் ஆவாள்,
அவர் அவர்கள் ஆவார்.
'வெரா அக்ராய்ட் அவர்கள்' என்று
மைக்கில் ஒருவன் சொன்னால் தீர்ந்தது.
காலின் அதற்கும்
எத்தனை பென்ஸ் என்று கேட்டிருப்பார்.)

"சாமியாவது வெளிச்சமாவது" என்றார் காலின்.
"குழுவுக்கு கியூடோஸ் என்று
வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் நானே போடுகிறேன்,
இந்த வருடமும் சம்பள உயர்வு இல்லை
என்ற வரிக்குக் கீழே.
எனக்குத் தெரியாதா அதன் பொருள்?"
அவருடைய மீன் ஆறிக்கொண்டிருந்தது.

தாளில் இருந்ததை
ஹெஸ்டர் அப்படியே வெட்டினாள்.

பதினைந்து நாள் கழித்து
தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு
வெராவே வந்தாள்.
நீராவி தின்ற விரல்கள், ரேகை மழுங்கியவை.
"என் பேரில் கே-க்கு முன்னால் ஒரு சி உண்டு.
சி இல்லாத அக்ராய்டுகள் வேறு குடும்பம்.
அவர்களோடு எங்களுக்குப் பேச்சு இல்லை."

ஹெஸ்டர் ஆணியில் குத்தியிருந்த தாளைத் தேடி எடுத்தாள்.
சியை யாரும் அடித்திருக்கவில்லை.
அது எழுதப்படவே இல்லை.

"இதென்ன சொல், மேலே?"
"பாராட்டு. புகழ் என்றும் வரும்.
ஒரு எழுத்து குறைகிறது. சேர்த்துவிடட்டுமா?"

வெரா தகட்டைச் சன்னலோரம் சாய்த்துப் பார்த்தாள்,
விரிப்பில் கறை தேடுகிற பழக்கத்தில்.
"வேண்டாம், அது அவர்களுடைய சொல்.
திருப்பிப் போட்டு
என் பேரை மட்டும் வெட்டு."

பதினோரு எழுத்து.
நான்கு பவுண்டு நாற்பது.
சில்லறையை மேசைமேல் அடுக்கினாள் வெரா.
காசு வேண்டாம் என்று சொல்லத் திறந்த வாயை
ஹெஸ்டர் மூடிக்கொண்டாள்.
சொன்னால் அதுவும் ஒரு கியூடோ ஆகிவிடும்.
எண்ணித்தான் வாங்கினாள்,
கடைசி பென்ஸ் வரை.

தகடு இப்போது வாக்லி மேட்டில்
ஒரு நீலக் கதவில் இருக்கிறது, இரண்டு திருகாணியோடு.
தபால்காரன் படிக்கிறான்,
மின் கட்டணத்தைப் போட்டுவிட்டுப் போகிறான்.
பின்பக்கம்,
மரத்தில் முகம் அழுந்தி,
வாலறுந்த அந்தச் சொல்
மழை கசியக் கசிய
களிம்பு ஏறிக்கொண்டிருக்கும்.