ஐந்து நாற்பது வண்டி

கம்பெனிக்குப் பூட்டு விழுந்தபின்
முதல் மூன்று மாதம்
எல்லோரும் தேடுகிற மாதிரிதான் தேடினேன்.
பதினாறு வருடம் சாயத்தின் நிறம் பார்த்த அனுபவத்தை
ஒரு பக்கத்தில் அடக்கச் சொன்னான்
மஞ்சக்குப்பம் பிரவுசிங் சென்டர் பையன்.
ஒரு பக்கம் நிரம்பவில்லை.
"பொழுதுபோக்கு ஏதாவது போடட்டுமா சார்?"
கேரம் என்று அவனே போட்டான்.
எனக்குக் கேரம் தெரியாது.

நாற்பத்தாறு இடத்துக்கு அனுப்பினேன்.
வந்தது ஒரே பதில்:
பெறுநர் முகவரி தவறு.

அதற்குப் பிறகுதான் உறைத்தது.
விளம்பரம் கொடுக்கிற கம்பெனி
ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்ட கம்பெனி.
ஆள் தேவை என்று அதற்கே தெரியுமுன்
எனக்குத் தெரிய வேண்டும்.

சிப்காட் ரோட்டில் கலியபெருமாள் கடை.
எந்த கேட்டுக்கு எத்தனை டீ போகிறது?
"போன மாசம் அறுபது, இப்ப தொண்ணூறு.
ஆனா அதே மூஞ்சிங்கதான்."
அப்படியென்றால் ஓவர்டைம்.
ஓவர்டைம் என்றால் ஆள் பற்றவில்லை.
நோட்டில் குறித்தேன்.

செம்மண்டலத்தில் யூனிபாரம் தைக்கும் ஹபீபுல்லா
அளவுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்.
புதிதாகப் பதினோரு சட்டை,
எல்லாம் சின்னச் சின்னத் தோள்கள்.
"அப்ரன்டிஸ் பசங்க. உங்க அளவுல ஒண்ணுமில்லையே."
சொல்லிவிட்டுச் சும்மா
டேப்பை என் தோளில் வைத்துப் பார்த்தார்.
பதினெட்டரை.

ராத்திரி தெற்கத்திக் காற்றில்
அழுகிய முட்டைக்கோஸ் வாடை வந்தால்
பூச்சிமருந்துக்காரன் மூன்றாம் ஷிப்ட் ஓட்டுகிறான்.
தெருவே ஜன்னலைச் சாத்தும்.
நான் திறப்பேன்.
மங்கையர்க்கரசி தலையில் அடித்துக்கொள்வாள்.

கடைசியில் கண்டுபிடித்தது பஸ்.
லாரன்ஸ் ரோடு, காலை ஐந்து நாற்பது.
கம்பெனி வண்டிகள் ஒவ்வொன்றாய் நின்று போகும்.
எதிர்ச்சாரியில் நின்று
காலி இருக்கைகளை எண்ணுவேன்.
ஒரு நாள் காலி என்றால் லீவு.
மூன்று நாள் காய்ச்சல்.
ஒரு வாரம் என்றால் கல்யாணம், இல்லை கருமாதி.
பத்து நாள் தாண்டினால்
அது வேலை.

வெள்ளை வண்டி, இடப்பக்கம், நாலாவது ஜன்னல்.
பன்னிரண்டாம் நாளும் காலி.
தீப்பெட்டி கேட்கிற சாக்கில்
டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.
"அது வில்வநாதன் சீட்டு."

வில்வநாதன்.
பழைய கம்பெனியில் என் அடுத்த மேஜை.
கப்பல் முழுகுமுன் இறங்கிப் போனவன்.
வால்வைக் கழற்றும்போது
முகத்தில் ஆவி அடித்திருக்கிறது.
பன்னிரண்டு நாளாக
அவன் இல்லாததற்குத்தான்
டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியாஸ்பத்திரிக்கு நாலு சாத்துக்குடியோடு போனேன்.
ஒரு கண்ணில் கட்டு.
கெடிலத்தில் தண்ணீர் வந்ததைப் பேசினோம்,
அவன் மகளின் பத்தாம் வகுப்பைப் பேசினோம்.
கேட்க வந்ததை நான் கேட்கவில்லை.
"பாக்கெட்டுல என்ன நோட்டு?" என்றான்.
சொன்னேன்.
சிரித்தான், இருமினான்,
நர்ஸ் வந்து முறைத்துவிட்டுப் போனார்.

"வியாழக்கிழமைக்குள்ள போ.
விட்டா கான்ட்ராக்ட்காரன் மச்சானைச் சொருகிடுவான்.
ஆபீஸ்ல வேதவல்லின்னு ஒரு அம்மா,
பத்தரைக்குத்தான் வரும்.
என் பேரைச் சொல்லாத."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தான்.

"அந்த ஜன்னல் சாத்தாது.
மழைன்னா தொடை நனையும்.
அட்டை ஒண்ணு சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன்,
எடுத்துக்க."

கிளம்பும்போது
இரண்டு சாத்துக்குடியைத் திருப்பிக் கொடுத்தான்.

இன்று புதன்.
மங்கையர்க்கரசி எந்தச் சட்டை என்று கேட்கிறாள்.
பயோடேட்டாவை எடுத்து
கேரமை மட்டும் பேனாவால் அடித்தேன்.
வெளியே தூறல் பிடித்துக்கொண்டது.
ஏதோ ஒரு ஷெட்டுக்கு வெளியே
நாலாவது ஜன்னல் வழியாக
இந்நேரம் மழை உள்ளே போய்
அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும்.